கால் பருத்திருப்பது நீராலா, கொழுப்பாலா?

கால் வீக்கம் பற்றி வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை லிம்ஃபெடீமா, லிப்பெடீமா என்னும் இரண்டு நோய்களுக்கிடையே எழும் குழப்பத்தையே தொட்டிருப்பதால், இம்முறை அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 36. பூப்படைந்த காலத்திலிருந்தே இடுப்புக்குக் கீழே மட்டும் உடம்பு பருக்கத் தொடங்கியது. மேலுடம்பு ஒல்லியாகவே இருக்கிறது. இரண்டு பிரசவங்களுக்குப் பிறகு தொடையும் கெண்டைக்காலும் இன்னும் கனத்துவிட்டன. இலேசாக இடித்துக்கொண்டாலே கன்றிப்போகிறது. குழந்தை மடியில் ஏறி உட்கார்ந்தால்கூட வலிக்கிறது. ‘எடையைக் குறையுங்கள்’ என்றுதான் இத்தனை ஆண்டுகளும் சொன்னார்கள். இப்போது ஒருவர் லிம்ஃபெடீமா என்கிறார், மற்றொருவர் லிப்பெடீமா என்கிறார். இவற்றை எப்படிப் பிரித்தறிவது?

பதில்: இரண்டும் வேறு வேறு நோய்கள். ரத்தக் குழாய்களிலிருந்து திசுக்களில் கசியும் நீரையும் புரதத்தையும் திரும்ப ரத்த ஓட்டத்தில் கொண்டுசேர்ப்பது நிணநீர் மண்டலத்தின் வேலை. நிணநீர் நாளங்கள் பிறவியிலேயே பழுதாக அமைந்திருந்தாலும், பின்னாளில் அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, தொற்று, காயம் போன்றவற்றால் சேதமடைந்தாலும், புரதம் மிகுந்த நீர் திசுக்களில் தேங்கி அந்த உறுப்பு வீங்குகிறது. இதுவே நிணநீர் வீக்கமாகிய லிம்ஃபெடீமா. கொசுவால் பரவும் ஃபைலேரியாப் புழுக்கள் நிணநீர் நாளங்களில் குடியேறுவதால் வரும் யானைக்கால் நோயும் இந்த வகையைச் சேர்ந்ததே. லிப்பெடீமாவிலோ தொடக்கத்தில் நிணநீர் ஓட்டத்துக்குப் பெரிய தடை எதுவும் இருப்பதில்லை. இடுப்பு, தொடை, கெண்டைக்கால், சிலருக்கு மேல்கை ஆகிய இடங்களில் தோலுக்கு அடியிலுள்ள கொழுப்புத் திசு அளவுமீறிப் பெருகி வலியையும் தருகிறது. 1940இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஆலன், ஹைன்ஸ் என்னும் இரு மருத்துவர்கள் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் இதற்குத் தனிக் குறியீடு கிடைத்ததோ, 2022இல் நடைமுறைக்கு வந்த 11ஆம் பதிப்பில்தான். இடைப்பட்ட காலத்தில் எத்தனை பெண்கள் ‘வாயைக் கட்டுங்கள்’ என்ற ஒரே அறிவுரையோடு திருப்பி அனுப்பப்பட்டிருப்பார்கள் என்று எண்ணினால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

பிரித்தறிவதற்கு முதலில் பார்க்க வேண்டியது தொடையையோ கெண்டைக்காலையோ அல்ல, பாதத்தை. லிப்பெடீமாவில் கால் எவ்வளவு பருத்திருந்தாலும் பாதம் மெலிந்தே இருக்கும். கெண்டைக்காலின் கொழுப்பு கணுக்காலுக்குச் சற்று மேலே சட்டென்று நின்றுவிடுவதால், காற்சட்டையின் கீழ்விளிம்பைச் சுருக்கிட்டுக் கட்டியதுபோல ஒரு மடிப்பு வளையம் தெரியும். லிம்ஃபெடீமாவில் பெரும்பாலும் பாதமும் சேர்ந்தே வீங்கும். புறங்கால் மேடிட்டிருக்கும், விரல்கள் தடித்துச் சதுரமாகத் தோன்றும், அவற்றின் அடியில் ஆழமான கோடுகள் விழுந்திருக்கும். ஆகவே காலுறையைக் கழற்றாமல், இரண்டு கால்களையும் அருகருகே வைத்துப் பார்க்காமல், எந்த மருத்துவரும் இதில் முடிவு சொல்லக் கூடாது என்பது என் கருத்து.

அடுத்தது ஒரு சின்னச் சோதனை. காலின் இரண்டாம் விரல், அதாவது பெருவிரலுக்கு அடுத்த விரல், பாதத்தோடு சேரும் இடத்தில் மேற்புறத் தோலை உங்கள் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். மெல்லிய மடிப்பாகத் தோல் எழும்பினால் அது இயல்பு. லிப்பெடீமாவிலும் அப்படியே எழும்பும். தோல் தடித்து, கிள்ளவே பிடி கிடைக்காமல், விரலோடு ஒட்டிக் கிடந்தால் லிம்ஃபெடீமாவை வலுவாகச் சந்தேகிக்க வேண்டும். பிரான்ஸ் நாட்டு மருத்துவர் ஸ்டெம்மர் 1976இல் விவரித்ததால் இது ஸ்டெம்மர் அடையாளம் என்று அழைக்கப்படுகிறது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: தோல் எழும்பவில்லை என்றால் அது நம்பத்தக்க சான்று, எழும்பிவிட்டது என்பதாலேயே லிம்ஃபெடீமா இல்லை என்று தள்ளிவிட முடியாது, ஏனெனில் நோயின் தொடக்கத்திலும், வீக்கம் தொடைப் பகுதியோடு நிற்கும்போதும் விரல் தோல் இயல்பாகவே இருக்கும்.

மூன்றாவதாக, முழங்காலுக்குக் கீழே முன்புற எலும்பின் மீது கட்டைவிரலை வைத்துப் பத்து விநாடிக்குக் குறையாமல் நிதானமாக அழுத்தி எடுங்கள். தொடக்கநிலை லிம்ஃபெடீமாவில் குழி விழுந்து, சிறிது நேரம் அப்படியே நிற்கும். லிப்பெடீமாவில் குழி விழாது. அழுத்தும்போதே ‘அம்மா’ என்று கூப்பிட வைக்கும் வலிதான் இருக்கும். லிம்ஃபெடீமா உள்ளவர்கள் பொதுவாக வலியைவிடக் கனத்தையும் இறுக்கத்தையும்தான் அதிகம் சொல்வார்கள். ஆனால் நாள்பட்ட லிம்ஃபெடீமாவில் திசு நார்போல இறுகிவிடுவதால் அங்கும் குழி விழாது. குழி இல்லை, எனவே லிப்பெடீமா என்று அவசரப்பட்டால் அங்கேதான் சறுக்கும்.

உங்கள் கடிதத்தில் வரும் மற்ற விவரங்கள் எல்லாமே லிப்பெடீமாவின் பக்கம்தான் சாய்கின்றன. இரு கால்களும் ஒன்றுபோலப் பருத்திருப்பது, பூப்படையும் பருவத்தில் தொடங்கிக் கருவுற்ற காலத்தில் கூடியது, எளிதில் கன்றிப்போவது, தொட்டால் வலிப்பது ஆகிய நான்கும் அதற்கே உரியவை. பிறவிக் காரணத்தால் வரும் லிம்ஃபெடீமாவும் பல பெண்களுக்குப் பூப்படையும் வயதில்தான் தலைகாட்டும் என்பதால், வயதை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. ஆனால் அது பெரும்பாலும் பாதத்தில் தொடங்கி மேலே ஏறும்; ஒரு காலில் மட்டுமோ, ஒரு காலில் கூடுதலாகவோ இருக்கும். நேரில் பார்க்காமல் இதற்கு மேல் நான் சொல்வது முறையாகாது.

கேள்வி: எனக்கு லிப்பெடீமா என்று முடிவாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. இப்போது மாலை வேளையில் புறங்கால் வீங்குகிறது, அழுத்தினால் குழியும் விழுகிறது. முதலில் சொன்னது தவறா?

பதில்: தவறாக இருக்க வேண்டியதில்லை. கொழுப்புத் திசு மிகவும் பெருகும்போது நிணநீர் ஓட்டம் நாளடைவில் திணறத் தொடங்கலாம். உடல் பருமன் சேர்ந்துகொண்டால் இது இன்னும் எளிதில் நேரும். அப்போது இரண்டு நோய்களின் அடையாளங்களும் ஒரே காலில் கலந்து தெரியும். இந்தக் கலப்பு நிலையை லிப்போ-லிம்ஃபெடீமா என்கிறோம். இதற்கு மறுதலையாக, பல ஆண்டுகள் நீடித்த லிம்ஃபெடீமாவில் தேங்கிய நீரோடு கொழுப்பும் நாரும் படிந்துவிடுகின்றன. எனவே நோய் முற்ற முற்ற இரண்டும் ஒன்றையொன்று நெருங்கிவருகின்றன. பழைய நிழற்படங்களில் பாதம் எப்படி இருந்தது, வீக்கம் எந்த இடத்தில் முதலில் தெரிந்தது என்ற வரலாறுதான் அப்போது மருத்துவருக்குப் பெரிய துணை.

உங்கள் விஷயத்தில், இரவு கால் நீட்டிப் படுத்து எழுந்த பிறகு வீக்கம் வடிந்திருக்கிறதா என்று பாருங்கள். முழுதும் வடிந்தால் நெடுநேரம் நின்றதாலோ சிரை ரத்த ஓட்டக் குறையாலோ வந்ததாக இருக்கலாம். தொடக்கநிலை லிம்ஃபெடீமாவும் படுத்தால் குறையும் என்பதால், வடிகிறது என்று அலட்சியமாகவும் இருந்துவிட வேண்டாம். புதிதாக ஏதேனும் மருந்து தொடங்கினீர்களா என்பதையும் சொல்லுங்கள். ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் அம்லோடிபின், நீரிழிவுக்கான பயோகிளிட்டசோன், நரம்பு வலிக்கான பிரிகாபலின் ஆகியவை பாதத்தில் நீர் கோக்கச் செய்வது அன்றாடம் காணக்கூடியதுதான்.

கேள்வி: நான் 52 வயது ஆண். என் வலது கால் மட்டும் சில மாதங்களாக வீங்கியிருக்கிறது. லிப்பெடீமா பற்றிப் படித்தேன். எனக்கும் அதுவாக இருக்குமோ?

பதில்: இருக்காது என்றே சொல்லலாம். லிப்பெடீமா ஆண்களுக்கு மிக மிக அரிதாகவே வரும். வந்தாலும் ஒரு காலோடு நிற்காது. ஒரு கால் மட்டும் வீங்குவது சிரை நோயாகவோ லிம்ஃபெடீமாவாகவோ இருக்கலாம். இடுப்புக்குள் ஏதேனும் கட்டி நிணநீர் முடிச்சுகளையோ சிரைகளையோ அழுத்துவதாலும் இருக்கலாம். நடுத்தர வயதில் காரணம் தெரியாமல் ஒற்றைக் கால் வீங்கினால் வயிற்றையும் இடுப்புப் பகுதியையும் ஸ்கேன் செய்து பார்க்காமல் விடக் கூடாது. இவை மாதக் கணக்கில் வளர்ந்த வீக்கத்துக்குச் சொன்னவை. ஓரிரு நாளில் திடீரென்று ஒரு கால் வீங்கி வலித்தால் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கக்கூடும். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், காலை நீவிவிடவும் கூடாது.

கேள்வி: என் தாயாருக்கு மார்பகப் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சை செய்து, அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் அகற்றினார்கள். அவருக்கு முன்பிருந்தே இரண்டு மேல்கைகளும் பருமன்தான். இப்போது அறுவை நடந்த பக்கம் கனமாக இருக்கிறது என்கிறார். அது பழைய சதையா, புது வீக்கமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: நல்ல கேள்வி. இரு கைகளும் முன்பே பருத்திருப்பவர்களிடம் கண்பார்வை ஏமாற்றிவிடும். அளவு நாடாவே சரியான சாட்சி. மணிக்கட்டிலிருந்து மேல்நோக்கிச் சம இடைவெளியில் புள்ளி வைத்து, இரு கைகளின் சுற்றளவையும் அதே புள்ளிகளில் எடுத்துக் குறித்துவையுங்கள். ஒரே புள்ளியில் இரு கைகளுக்கும் 2 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் வேறுபாடு இருந்தால் அதை லிம்ஃபெடீமாவாகக் கருதுவது நெடுநாள் வழக்கம். ஆனால் அதிகம் பயன்படுத்தும் கை எப்போதுமே சற்றுப் பருமனாக இருக்கும் என்பதால், அறுவைக்கு முன்பே எடுத்துவைத்த அளவு இருந்தால் அதோடு ஒப்பிடுவதே சிறந்தது. புற்றுநோய் அறுவைக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் இந்த அளவை முன்கூட்டியே எடுத்துவைப்பதற்கு நாடாவும் சில நிமிடங்களும் போதும். ஆயினும் அது பல நேரங்களில் விடுபட்டுப்போகிறது.

நாடா காட்டுவதற்கு முன்பே உடம்பு சொல்லத் தொடங்கிவிடும். மோதிரமோ வளையலோ இறுகுவது, சட்டையின் கைப்பகுதி ஒரு பக்கம் மட்டும் பிடிப்பது, கை கனப்பது ஆகியவை லிம்ஃபெடீமாவின் முதல் நிலையாக இருக்கலாம். புறங்கையும் விரல்களும் வீங்கினால் சந்தேகம் வலுக்கிறது, ஏனெனில் லிப்பெடீமா கையில் வந்தாலும் மணிக்கட்டோடு நின்றுவிடும். அறுவைக்குப் பின் சில ஆண்டுகள் கழித்தும் இது தோன்றலாம். நெடுநாள் எதுவும் இல்லாமல் இருந்து திடீரென வீக்கம் கூடினால், நோய் திரும்பியிருக்கிறதா என்பதையும் புற்றுநோய் மருத்துவர் பார்க்க வேண்டும். மற்றபடி, கையை அசைக்காமல் பொத்திப் பொத்தி வைக்கச் சொன்ன காலம் போய்விட்டது. தகுந்த மேற்பார்வையோடு சிறுகச் சிறுகப் பளு தூக்கிப் பயிற்சி செய்வதால் லிம்ஃபெடீமா மோசமாவதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

கேள்வி: இவ்விரண்டையும் பிரித்துக் காட்ட ஏதாவது ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ உண்டா?

பதில்: லிப்பெடீமாவை உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. வரலாற்றைக் கேட்டு, கண்ணால் பார்த்து, கையால் தொட்டுத்தான் அதைக் கண்டறிகிறோம். ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனைகள் தேவைப்படுவது வேறு காரணங்களை விலக்குவதற்கு: சிறுநீரில் புரதம் போகிறதா, ஈரல் சரியாக இயங்குகிறதா, தைராய்டு சுரப்பு குறைவா என்பவற்றை அவை சொல்லும். இதயத்துக்கு எக்கோவும், கால் சிரைகளுக்கு டாப்ளர் ஸ்கேனும் பார்ப்பார்கள்.

லிம்ஃபெடீமாவில் ஐயம் நீடித்தால் லிம்ஃபோசிண்டிகிராஃபி உதவும். கால் விரல்களுக்கு இடையில் மிகச் சிறிய அளவு கதிரியக்க மருந்தை ஊசியால் செலுத்தி, அது நிணநீர் நாளங்கள் வழியாக தொடை இடுக்கில் உள்ள நிணநீர் முடிச்சுகளைச் சென்றடைய எவ்வளவு நேரமாகிறது, வழியில் எங்கே தேங்குகிறது என்பதை காமா கேமராவில் பார்க்கிறார்கள். மருந்து தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலோ, நாளத்தை விட்டுத் தோலுக்குள் திரும்பிப் பரவினாலோ லிம்ஃபெடீமா உறுதியாகிறது. லிப்பெடீமாவில், குறிப்பாகத் தொடக்கத்தில், படம் பெரும்பாலும் இயல்பாகவோ சற்றே மந்தமாகவோ இருக்கும். எல்லோருக்கும் இது தேவைப்படுவதில்லை.

இன்னொன்று, உடல் நிறை குறியீட்டெண். உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் அந்த எண், லிப்பெடீமா உள்ள பெண்ணைப் பருமன் என்று முத்திரை குத்திவிடும். ஏனெனில் எடை உடம்பில் எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. இடைச் சுற்றளவை உயரத்தால் வகுத்துப் பாருங்கள். விடை 0.5க்குக் குறைவாக இருக்க, கால்கள் மட்டும் பருத்திருந்தால், சாப்பாட்டுக் கணக்கைக் கேட்பதற்கு முன் லிப்பெடீமாவை நினைக்க வேண்டும்.

கேள்வி: எனக்குத் தண்ணீர் மாத்திரை கொடுத்தார்கள், பயன் இல்லை. பட்டினி கிடந்து 12 கிலோ குறைத்தேன். முகம் ஒட்டிப்போனதே தவிரக் கால் அப்படியே இருக்கிறது. இரண்டு நோய்களுக்கும் சிகிச்சை ஒன்றுதானா?

பதில்: தண்ணீர் மாத்திரையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இவ்விரண்டு நோய்களிலும் வேண்டாத இடத்தில் அடிக்கடி எழுதப்படும் மருந்து இதுதான். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை ரத்தத்திலிருந்து உப்பையும் நீரையும் வெளியேற்றும். லிம்ஃபெடீமாவில் திசுக்களில் தங்கியிருக்கும் புரதத்தை அதனால் அகற்ற முடியாது; லிப்பெடீமாவிலோ வெளியேற்ற நீரே இல்லை. இதயம், சிறுநீரகம் போன்ற வேறு காரணத்துக்காகக் கொடுத்திருந்தால் அது வேறு கணக்கு. அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

எடை குறைத்தும் கால் குறையவில்லை என்று நீங்கள் சொல்வதும் லிப்பெடீமாவின் அடையாளம்தான். அந்தக் கொழுப்பு உணவுக் கட்டுப்பாட்டுக்கு எளிதில் அசைந்துகொடுப்பதில்லை. மெலிந்தால் முகமும் மார்பும் இடுப்புக்கு மேற்பட்ட பகுதியும்தான் முதலில் மெலியும். அதற்காக எடைக் கட்டுப்பாடு வீண் என்றும் நினைக்க வேண்டாம். பொதுப் பருமன் சேர்ந்தால் மூட்டுகள் தேய்வதும் நிணநீர் ஓட்டம் திணறுவதும் கூடுதலாகும். பட்டினியை விட்டுவிட்டு, நீண்டநாள் கடைப்பிடிக்கக்கூடிய உணவுமுறையையும், மூட்டுக்குப் பளு தராத நீச்சல், நீருக்குள் நடத்தல் போன்ற பயிற்சிகளையும் வைத்துக்கொள்ளுங்கள்.

லிம்ஃபெடீமாவுக்கு அடிப்படைச் சிகிச்சை நான்கு கூறுகள் கொண்டது: தோல் பராமரிப்பு, நிணநீரை மென்மையாக வடியச்செய்யும் கைநீவல், பல அடுக்குக் கட்டு, கட்டோடு செய்யும் பயிற்சி. முதல் கட்டத்தில் நாள்தோறும் கட்டுப்போட்டு அளவைக் குறைத்துவிட்டு, பிறகு அந்த அளவு மீண்டும் ஏறாமலிருக்க அழுத்தக் காலுறையையோ கையுறையையோ பகல் முழுதும் அணியச் சொல்வோம். கைநீவல் என்றதும் எண்ணெய் போட்டு அழுத்திப் பிடிப்பது என்று எண்ணிவிடாதீர்கள். தோலை மட்டும் மெல்ல இழுத்து விடும் அளவுக்கு இலேசான தொடுகை அது. அழுத்திப் பிடித்தால் லிம்ஃபெடீமாவுக்கும் கேடு, லிப்பெடீமாவில் கன்றலும் வலியும்தான் மிச்சம்.

தோல் பராமரிப்பு சிறிய விஷயம்போலத் தோன்றினாலும் லிம்ஃபெடீமாவில் அதுவே உயிர்நாடி. கால்விரல் இடுக்கில் வரும் ஒரு சேற்றுப்புண், ஒரு வெடிப்பு போதும். கிருமி உள்ளே நுழைந்து குளிர்ஜுரத்தோடு கால் சிவந்து அனலாகக் கொதிக்கும் செல்லுலைட்டிஸ் வந்துவிடும். ஒவ்வொரு தடவை அது வரும்போதும் மிச்சமிருக்கும் நிணநீர் நாளங்களும் சேதமாகி, வீக்கம் ஒரு படி ஏறும். அன்றாடம் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்குகளை ஈரமில்லாமல் துடைத்து, வறண்ட தோலுக்குப் பசை தடவிவருவதே தடுப்பு. சிவப்பும் ஜுரமும் கண்டால் அன்றே மருத்துவரைப் பார்த்து ஆன்டிபயாட்டிக் தொடங்க வேண்டும். தனித்த லிப்பெடீமாவில் இந்தத் தொல்லை வழக்கமாக வருவதில்லை.

லிப்பெடீமாவிலும் அழுத்தக் காலுறை தருகிறோம். ஆனால் அதன் நோக்கம் வேறு. அது கொழுப்பைக் கரைக்காது. வலியையும் கனத்தையும் குறைத்து நடக்க வசதி செய்து தரும். இதைச் சொல்லாமல் காலுறையைக் கொடுத்தால், சில வாரங்களில் கால் மெலியவில்லை என்று அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். எந்த அழுத்தக் காலுறையானாலும் காலின் தமனி ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே அணிய வேண்டும். கடுமையான இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும் அது ஆகாது.

இவற்றுக்கெல்லாம் அடங்காத வலியோடும் நடக்க முடியாத பருமனோடும் இருக்கும் லிப்பெடீமாவுக்கு, நிணநீர் நாளங்கள் சேதமாகாதபடி கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷன் அறுவை உதவுகிறது. வலியும் கன்றலும் குறைகின்றன. ஒரே அமர்வில் முடியாது, பிறகும் காலுறை தேவைப்படலாம். அழகுக்காகச் செய்யும் இடத்தில் இதைச் செய்துகொள்ளாமல், இந்த நோயை அறிந்த அறுவை மருத்துவரிடம் மட்டும் செல்லுங்கள். லிம்ஃபெடீமாவிலும், நீர் முழுதும் வடிந்த பின் எஞ்சும் கொழுப்பை இதே முறையில் எடுப்பதுண்டு. சுவீடனின் மால்மோ நகர மருத்துவர் பிரோர்சன் அதை வளர்த்தெடுத்தவர். அங்கே நிபந்தனை கடுமையானது, அறுவைக்குப் பின் வாழ்நாள் முழுதும் அழுத்த உறையைக் கழற்றக் கூடாது.

கேள்வி: எனக்கு லிப்பெடீமா இருக்கிறது. 12 வயது மகளுக்கும் வருமா? இப்போதே ஏதாவது செய்யலாமா?

பதில்: குடும்பவழி வருவது உண்டு, ஆனால் ஒவ்வொரு மகளுக்கும் வந்தே தீரும் என்றில்லை. வருமா என்று முன்கூட்டியே சொல்லும் பரிசோதனை வழக்கத்தில் இல்லை, தடுக்கும் மருந்தும் இல்லை. இடை, தொடை, கெண்டைக்கால், கணுக்கால் அளவுகளை ஆறு மாதத்துக்கு ஒரு முறை குறித்துவையுங்கள். நிறுவையில் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். கால்கள் உடம்போடு பொருந்தாமல் பருக்கத் தொடங்கி, தொட்டால் வலிக்கிறது என்று அவள் சொன்னால் அழைத்துப்போய்க் காட்டுங்கள். பாதம் வீங்கினாலோ ஒரு கால் மட்டும் பருத்தாலோ ஆறு மாதம் காத்திருக்காமல் உடனே காட்டுங்கள், ஏனெனில் அப்போது தேட வேண்டியது லிம்ஃபெடீமாவை.